பன்னிரண்டாம் அத்தியாயத்தை யார் எழுதியது?

2006 செப்டம்பரில், வெனிஸ் திரைப்பட விழாவில், 'தி ஃபவுன்டன்' என்ற படத்தைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் அரங்கில் ஒரே ஊளை. பிறகு பொதுமக்களுக்கான காட்சி நடந்தது. அங்கே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். இன்றைக்கும் இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த இரண்டு கூட்டமும்தான் எதிரே வந்து நிற்கும். ஒருவர் "சுத்தப் பேத்தல்" என்பார். இன்னொருவர், பெரும்பாலும் வீட்டில் யாரையோ நோய்க்குப் பறிகொடுத்தவர், பேச முடியாமல் தொண்டையைச் செருமிக்கொள்வார். "பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்" என்கிறவர் அபூர்வம்.

ஏன் இப்படிப் பிளந்துகொள்கிறார்கள்? தேநீரை ஆற்றியபடி மெதுவாகப் பார்ப்போம். கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஆனால் முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற ரகம் இல்லை இந்தப் படம். தெரிந்துகொண்டு பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

முதலில் நடுக்கதை. இன்றைய அமெரிக்காவில் டாமி ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளன் (ஹியூ ஜாக்மன்). குரங்குகளின் மூளையில் வளரும் கட்டிக்கு மருந்து தேடுகிறான். அவன் மனைவி இஸிக்கும் (ரேச்சல் வைஸ்) மூளையில்தான் கட்டி. அவளுக்குச் சூடும் குளிரும் உறைப்பது நின்றுகொண்டிருக்கிறது. ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, "வெளியே முதல் பனி விழுகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் வா" என்று கூப்பிடுகிறாள். வேலை இருக்கிறது என்று அவன் உள்ளே திரும்பிவிடுகிறான். குவாத்தமாலா மரம் ஒன்றிலிருந்து எடுத்த பொருளைக் குரங்குக்குச் செலுத்துகிறான். குரங்குக்கு இளமை திரும்புகிறது, கட்டி மட்டும் கரையவில்லை. அது கரையத் தொடங்கிய செய்தி வருகிற வேளையில் இஸி இல்லை.

இதன் ஊடே இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்றில், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் அரசி இசபெல், டோமாஸ் என்ற படைவீரனை மாயா நாட்டுக்கு அனுப்புகிறாள். சாகாவரம் தரும் மரத்தைக் கண்டுபிடித்து வரவேண்டும். வந்தால் இருவரும் என்றென்றும் சேர்ந்திருக்கலாம். இன்னொன்றில், எதிர்காலத்தில், மொட்டைத் தலையுடன் ஒருவன் கண்ணாடிக் குமிழி போன்ற ஒன்றில் உட்கார்ந்து, காய்ந்துகொண்டிருக்கும் ஒரு மரத்தைக் கூட்டிக்கொண்டு, விண்மீன் ஒன்றை நோக்கிப் போகிறான். மூன்று ஆண்களும் ஜாக்மன்தான். அரசியும் வைஸ்தான்.

இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறோம். "ஓ, மூன்று பிறவி!" என்று முடிவுகட்டிவிடுகிறோம். நம்மைக் குறை சொல்ல முடியாது. 1963இல் ஸ்ரீதர் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்த காலத்திலிருந்து, ஒரே முகம் வேறு உடையில் வந்தால் அது முற்பிறவி என்று நம் கண் பழகிப்போயிருக்கிறது. ஆனால் மறுபிறவியைப் பெரிதாக நம்பாத ஊர்களிலும் பலர் அப்படித்தான் பார்த்தார்கள். விளம்பரமும் ஆயிரம் ஆண்டுக் காதல் காவியம் என்கிற தோரணையில் படத்தை விற்றது. அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்தவருக்கு, பிறவிகளைக் கோத்துப் பார்க்க முயன்று முயன்று, அரைமணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

படம் என்ன காட்டுகிறது என்று நிதானமாகப் பார்ப்போம். இஸி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். மைப் பேனாவால், கைப்பட. அதன் தலைப்பும் 'தி ஃபவுன்டன்'. ஓர் இரவு டாமி அதைப் பிரித்துப் படிக்கத் தொடங்குகிறான். ஸ்பெயின் கதை நம் கண்முன் விரிகிறது. ஆக, ஸ்பெயின் யாருடைய முற்பிறவியும் இல்லை. நோயாளி ஒருத்தி தன் கணவனுக்காக எழுதிய கதை. அரசியின் பெயரில் அவளே இருக்கிறாள், வீரன் அவன். கதையில் ஒரு மத விசாரணைத் தலைவன் வருகிறான். தேசப் படத்தில் தான் பிடித்த பகுதிகளை ரத்தத்தால் குறித்துக்கொண்டே போகிறான். அரசியின் நாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. அந்த வரைபடத்தை ஒரு மூளையின் ஸ்கேன் என்று எண்ணிக்கொண்டு மறுபடி பாருங்கள். இஸி எதைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்பது தானே விளங்கும்.

கதை பதினோரு அத்தியாயம்வரை வந்திருக்கிறது. டோமாஸ் கோயில் உச்சியில் ஏறிவிட்டான். எரியும் வாளோடு ஒரு பூசாரி எதிரே நிற்கிறார். அங்கே நாவல் நின்றுவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இஸி பேனாவையும் மையையும் கணவனிடம் கொடுத்து, கடைசி அத்தியாயத்தை நீ முடி என்கிறாள். எப்படி முடிப்பது என்று தெரியவில்லையே என்கிறான் அவன். உனக்குத் தெரியவரும் என்பது அவள் பதில்.

பிறவிக் கணக்குக்கும் நாவல் கணக்குக்கும் உள்ள வேறுபாடு சின்னதில்லை. பிறவிகள் என்று கொண்டால், இந்தப் பிறவியில் கைநழுவியது அடுத்ததில் கிடைக்கும். இஸியின் சாவு ஒரு தள்ளிவைப்பு, அவ்வளவுதான். நாவல் என்று கொண்டால், அவள் போனது போனதுதான். திரும்பி வரமாட்டாள். மிச்சம் இருப்பது ஒரு வெற்றுத் தாளும், அதில் என்ன எழுதுவது என்று தெரியாத ஒருவனும். கைதட்டியவர்களில் பலர் இதைத்தான் கண்டிருக்க வேண்டும், வாயால் சொல்லத் தெரிந்ததோ இல்லையோ.

சரி, அந்த மொட்டைத் தலைக்காரன் யார்? இங்கே படம் வேண்டுமென்றே இரண்டு பக்கமும் சாட்சி வைத்திருக்கிறது. டாமி தன் திருமண மோதிரத்தைத் தொலைத்துவிடுகிறான். இஸி இறந்தபிறகு அவள் பேனாவின் முள்ளாலேயே விரலைச் சுற்றி மோதிரம்போல் பச்சை குத்திக்கொள்கிறான். விண்வெளிக்காரனின் விரலிலும் அதே வளையம். மரத்தின் ஆண்டு வளையங்கள் மாதிரி அவன் கையெல்லாம் கோடு கோடாய் ஏறியிருக்கிறது. குரங்குக்கு இளமை தந்த அதே பொருளைத் தானும் எடுத்துக்கொண்டு டாமி நூற்றாண்டுகள் வாழ்ந்துவிட்டான் என்று சொல்ல இது போதும். மறுபக்கம், அவன் முடிவும் டோமாஸின் முடிவும் ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டி வெட்டிக் காட்டப்படுகின்றன, ஒரே கை இரண்டையும் எழுதுவதுபோல. டோமாஸ் மரத்தின் பாலைக் குடிக்கிறான். காயம் ஆறுகிறது. பேராசையோடு இன்னும் குடிக்கிறான். உடலைப் பிளந்துகொண்டு செடியும் பூவும் முளைத்து, அந்த இடத்திலேயே மண்ணோடு மண்ணாகிறான். சாகாவரம் கேட்டவனுக்கு அதுதான் கிடைக்கிறது. இதை இஸி எழுதவில்லை. டாமிதான் எழுதினான் என்பது என் கட்சி. விண்வெளிப் பயணமும் அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சேர்ந்ததே. நீங்கள் மற்றக் கட்சியில் இருந்தாலும் படம் உடைந்துவிடாது. சாவை ஏற்க மாட்டேன் என்றவன் ஏற்கிறான் என்ற நடுப்புள்ளி இரண்டிலும் மாறுவதில்லை.

ஆன்மிகம் என்ற சொல்லுக்கு இப்போது வருவோம். படம் ஆதியாகமத்தில் தொடங்குகிறது: ஏதேன் தோட்டத்தை மூடி, ஜீவ விருட்சத்துக்குச் சுடரொளி வாளைக் காவல் வைத்த இடம். மாயாப் பூசாரியின் எரியும் வாள் அங்கிருந்து வந்ததுதான். விண்வெளிக்காரன் பத்மாசனத்தில் உட்கார்கிறான். தன் உடலைப் பலியிட்டு அதிலிருந்து உலகம் முளைக்கவைத்த மாயா முதல் தந்தையின் கதையை இஸி சொல்கிறாள். எல்லாம் சேர்ந்த கதம்பம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் பக்கம் நியாயம் உண்டு. கிச்சே மாயா மக்களின் 'போபோல் வூ'வில் ஷிபால்பா என்பது நிலத்துக்கு அடியில் இருக்கும் மரண உலகம். படம் அதை வானத்தில் ஒரு விண்முகிலாக்கி மாட்டிவிட்டது. அந்த மக்களும் திரையில் காட்டுக்குள்ளிருந்து பாயும் கூட்டமாகத்தான் வருகிறார்கள்.

ஆனால் படத்தின் உண்மையான ஆன்மிகம் இந்த அலங்காரத்தில் இல்லை. இஸி ஒரு மாயா வழிகாட்டி சொன்னதாக ஒன்று சொல்கிறாளே, அதில் இருக்கிறது. அந்த மனிதரின் தகப்பனார் இறந்தபோது புதைத்த இடத்தில் ஒரு விதையை ஊன்றினார்களாம். அது மரமானது. தகப்பன் வேரானார், கிளையானார், பூவானார். ஒரு குருவி பழத்தைக் கொத்தியபோது குருவியோடு பறந்தார். சொர்க்கம், தீர்ப்பு, அடுத்த பிறவி எதுவும் இதில் கிடையாது. கடைசியில் டாமி இஸியின் கல்லறையில் பனியை விலக்கி ஒரு விதையை ஊன்றுகிறான். இங்கே அழுதவர்களில் கடவுளை நம்பாதவர்களும் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நம்பிக்கை எதையும் கையெழுத்துப் போட்டு ஏற்கச் சொல்லாமல் அவர்களை உள்ளே விடுகிறது படம்.

கொஞ்சம் திசை மாறுவோம், கண்ணுக்கு விருந்தான ஒரு விஷயத்துக்காக. இயக்குநர் டேரன் அரனாஃப்ஸ்கி முதலில் இதை பிராட் பிட், கேட் பிளான்செட் இருவரையும் வைத்து, சுமார் 7 கோடி டாலரில், ஆஸ்திரேலியாவில் எடுக்கக் கிளம்பினார். 2002இல் பிட் விலகினார். அரங்குகள் ஏலத்துக்குப் போயின. பிறகு பாதிச் செலவில் மறுபடி எழுதி எடுத்தார். கணினி வரைகலைக்குக் கொட்டப் பணமில்லை. சீக்கிரம் பழசாகிவிடும் என்று அதில் விருப்பமும் இல்லை. பீட்டர் பார்க்ஸ் என்ற நுண்படக் கலைஞரைப் பிடித்தார்கள். அவர் ஒரு சிறு கண்ணாடித் தட்டில் வேதிப்பொருள்களையும் சாயங்களையும் கலந்து, அவை ஒன்றுக்குள் ஒன்று புகுவதை மிக அருகில் படம் எடுத்தார். கண்ணாடி டம்ளரில் டிகாக்ஷனுக்குள் பாலை ஊற்றும்போது வெள்ளை சுருண்டு சுருண்டு இறங்குமே, அதுவேதான் வித்தை. அடர்த்தி வேறான இரண்டு திரவங்கள் கலக்கும்போது எழும் சுழிப்பைப் பெரிதாக்கினால், எவ்வளவு அகலம் என்று கண்ணால் அளக்க முடியாது. நாம் விண்மீன் மண்டலம் என்று வாய்பிளந்து பார்த்தது விரல்கடை அகலத்தில் நடந்தது. திட்டுகிறவர்கள்கூட இந்தப் படங்களையும் கிளின்ட் மான்செலின் இசையையும் திட்டுவதில்லை.

இனி, எனக்குக் கனமாகத் தோன்றும் ஒரு புகார். "வைத்தியத்துக்காக மாடாய் உழைக்கிற கணவனைக் குற்றவாளியாக்கி, சாவை ஏற்றுக்கொள் என்று நோயாளிக்குப் பாடம் எடுக்கிறது படம்." ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்தூக்கம் கெட்டவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். ஆனால் கவனித்தால், மருந்து தேடியதைப் படம் எங்கும் தப்பென்று சொல்லவில்லை. அந்த மருந்து பலிக்கவும் செய்கிறது. திரும்பத் திரும்ப நமக்குக் காட்டப்படுவது அந்த முதல் பனி நாள்தான். அவள் கூப்பிட்டாள், அவன் போகவில்லை. கடைசியில் அந்தக் காட்சியை மனதுக்குள் மாற்றி எழுதி, அவள் பின்னால் ஓடுகிறான்.

நோய்தணிப்பு மருத்துவம் என்றொரு துறை இருக்கிறது. குணமாக்க முடியாத நோயாளியின் வேதனையைக் குறைப்பது அதன் வேலை. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் விடுதியைத் தொடங்கி இதற்கு வழி காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும் உறவுகளிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது, அதை 'முழு வலி' என்று பார்க்கவேண்டும் என்றார் அவர். 1948இல் இறந்துகொண்டிருந்த ஒரு போலந்து அகதியிடம் அவர் மனம் கொடுத்திருந்தார். அந்த மனிதர் விட்டுச்சென்ற 500 பவுண்டுதான் விடுதிக்கு முதல் கொடை. டாமியைப் பார்க்கும்போது எனக்கு சாண்டர்ஸ் நினைவு வருகிறார். இஸியின் கட்டியைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

படம் திரையரங்குகளில் தோற்றது. உலகம் முழுக்கச் சேர்த்தும் வசூல் சுமார் 1.6 கோடி டாலர், செலவில் பாதிகூட இல்லை. விமர்சகர்களும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். நாவல் கணக்கைப் புரிந்துகொண்டால் ஊளையிட்டவர்களின் புகாரில் முக்கால்வாசி உதிர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

மிச்சக் கால்வாசி உதிராது. இஸி எப்போதும் வெள்ளை உடையில், ஒளிக்கு நடுவில், எல்லாம் புரிந்துகொண்ட புன்னகையோடு வருகிறாள். இப்போது பயமில்லை என்கிறாள். பயந்த நாட்களுக்குப் படம் இடமே தரவில்லை. நோய் அவளுக்கு, போராட்டமும் தெளிவும் மூன்று காலமும் கணவனுக்கு. மூளைக் கட்டியோடு இருக்கும் பெண்ணுக்கு எரிச்சல் வரும், வாந்தி வரும், கணவன்மேல் கோபம் வரும், எழுத உட்கார்ந்தால் சொல் வராது. பதினோரு அத்தியாயத்தை அவள் எப்படித்தான் எழுதினாள் என்று யாராவது கேட்டால், இந்தப் படம் பிடித்துப்போன என்னிடமும் பதில் இல்லை.