பொதுக்கிணறும் வீட்டுத் தொட்டியும்

ஊரில் வாந்திபேதி என்று தகவல் வந்தால், அன்றைய சுகாதார ஆய்வாளர் நேராகப் போனது பொதுக்கிணற்றுக்கு. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து, தேவையான பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைப்பார். கசடு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்குவார். சுண்ணாம்பு சேர்ந்து தண்ணீர் கடுத்துவிடக் கூடாதே! ஒரு மணி நேரத்துக்கு யாரும் இறைக்கக் கூடாது என்று ஆளும் நிறுத்துவார். சந்தேகத்துக்குரிய கிணற்றைத் தடைசெய்யும் அதிகாரத்தையே சுகாதாரத் துறைக்குக் கொடுத்திருந்தது, 1939-ம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்.

பெரியம்மையில்தான் திணறல். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் பிள்ளைகளை ஒளித்துவைத்த வீடுகள் உண்டு. யாரும் வாய் திறக்காத தெருவில், வாசலில் செருகிய வேப்பிலைதான் அவருக்குத் துப்பு. நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் பணம் என்று அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. 1975-ல் அந்த நோய் நாட்டைவிட்டுப் போனது.

இன்று தகவலுக்குப் பஞ்சமில்லை. எந்த மருத்துவமனையில் டெங்கு உறுதியானாலும் நோயாளியின் முகவரி ஆய்வாளரின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆனால் அங்கே போய் நின்றால், மருந்து போட ஒரு கிணறு இல்லை. ஏடிஸ் கொசு வளர்வது நம் வீட்டு நல்ல தண்ணீரில்: மூடாத சிமென்ட் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடி டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுரல். தெருவே கேட்பதோ, "எப்ப சார் புகை அடிப்பீங்க?" என்றுதான். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், புழுவைத் தொடாது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். அதை ஆய்வாளர் செய்ய முடியாது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். அன்று சட்டமும் வாளியும் செய்ததை இன்று வாசலில் நின்று பேசித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. என் பார்வையில் இதுவே கடினமான வேலை.

அந்தப் பேச்சைப் பெரும்பாலும் பேசுபவர்கள் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள். டார்ச்சோடு ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்க்கும் அவர்களில் பலர் இன்னும் தினக்கூலிகள். போன வாரம் வந்த அதே முகம் இந்த வாரமும் வந்தால்தான் அடுக்களைவரை உள்ளே விடுவார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் ஆள் எடுத்துப் பிறகு அனுப்பிவிடும் வழக்கத்தை அரசு நிறுத்தி, அவர்களை நிரந்தரமாக்க வேண்டும்.