ஒரு பொருள், இரு விலை

ஒரே தொழிற்கூடத்தில், ஒரே வகைத் தோலால் செய்யப்பட்ட இரண்டு கைப்பைகள். ஒன்று பாரிஸ் நகரிலும் மற்றொன்று டோக்கியோ நகரிலும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டின் விலையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால், அவ்வாறு இருப்பதில்லை. இதன் காரணத்தை ஜப்பானிய மக்களின் அனுபவம் தெளிவாக விளக்குகிறது.

விருப்பம் வளர்ந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரில் பெரிதும் அழிவுற்ற ஜப்பான், தன் உழைப்பால் தொழில்வளம் மிக்க நாடாக உயர்ந்தது. 1964ஆம் ஆண்டில், மக்கள் சுற்றுலாவுக்காக அயல்நாடு செல்ல அரசு இசைவளித்தது. பாரிஸ் சென்றவர்களை, 1854இல் தொடங்கப்பட்ட லூயி வுய்ட்டன் நிறுவனத்தின் பைகள் கவர்ந்தன. தலைமுறைகளைக் கடந்து நிற்கும் கைவினைக் கடைகளைப் போற்றுவது ஜப்பானியர் மரபு. மேலும், 1896இல் அந்நிறுவனம் உருவாக்கிய மலர் வடிவங்களில் ஜப்பானியக் குடும்பச் சின்னங்களின் சாயல் உண்டு என்பர். எனவே, அயல்நாட்டுப் பை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

விலை வேறுபாடு ஏன்?

பாரிசிலிருந்து டோக்கியோ வரும் பையின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலி, சுங்கவரி, இறக்குமதியாளரின் இலாபம், கடை வாடகை ஆகியன சேர்கின்றன. 1970களில் சில வணிகர்கள் பாரிஸ் கடைகளில் பைகளை வாங்கி, ஜப்பானில் பன்மடங்கு விலைக்கு விற்றனர். நிறுவனத்தின் வழியாக அன்றி, பிறர் வாங்கிக் கொணர்ந்து விற்கும் இம்முறைக்கு ‘இணை இறக்குமதி’ என்று பெயர். 1978இல் அந்நிறுவனம் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் தன் கடைகளைத் திறந்தது. இடைத்தரகர் குறைந்தமையால் விலை வேறுபாடும் குறைந்தது. எனினும், முற்றிலும் மறையவில்லை.

நாணயத்தின் ஏற்றமும் இறக்கமும்

1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் கூடி, டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டன. அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 240 யென்னாக இருந்தது. 1987இன் இறுதியில் ஏறத்தாழ 120 யென் ஆயிற்று. 500 டாலர் விலையுள்ள ஒரு பொருளை எண்ணிப் பாருங்கள். முன்பு அதற்கு 1,20,000 யென் தேவைப்பட்டது. பின்னர் 60,000 யென்னே போதுமானதாயிற்று. ஐரோப்பிய நாணயங்களுக்கு எதிராகவும் யென் ஓரளவு வலுப்பெற்றது. உள்ளூர்க் கடைகள் விலையை அதே அளவில் குறைக்காதபோது, அயல்நாடு சென்று வாங்குவதே ஆதாயமாயிற்று. 1990இல் அயல்நாடு சென்ற ஜப்பானியரின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது.

பின்னாளில் நிலைமை தலைகீழாயிற்று. 2024 ஜூலையில் ஒரு டாலர் 160 யென்னைக் கடந்தது. அவ்வாண்டில் ஜப்பானுக்கு 3 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். அவர்களுள் பலர் டோக்கியோவில் ஐரோப்பியப் பைகளை மலிவாக வாங்கிச் சென்றனர். ஆயினும், யென்னில் ஊதியம் பெறும் ஜப்பானியருக்கு அவை மலிவாகவில்லை. இறக்குமதியாகும் கோதுமையும் எரிபொருளும்கூட அவர்களுக்கு விலை கூடின. பயணிக்கு ஆதாயம் தந்த அதே நாணய வீழ்ச்சி, இல்லத்தாருக்குச் சுமையாயிற்று.

ஆகவே, விலை என்பது பொருளின் தரத்தை மட்டும் காட்டுவதன்று. அது விற்கப்படும் இடம், வரி, வணிகரின் இலாபம், நாணய மதிப்பு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இவற்றைப் பகுத்துப் பார்ப்பவரே தாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்தவர் ஆவார்.

சிந்தித்து விடை எழுதுக

1. ‘இணை இறக்குமதி’ என்றால் என்ன?
2. ஒரு டாலர் 160 யென் எனில், 500 டாலர் பொருளின் விலை எத்தனை யென்?
3. நாணய மதிப்பு வீழ்ந்தால் பயன்பெறுவோர் யார்? துன்புறுவோர் யார்? காரணம் கூறுக.