பிறர் இடுப்புக்கு அளவெடுத்த படகு

செருப்பை இரவல் வாங்கலாம். கடித்தால் கழற்றி எறியலாம். ஆனால், காலுக்குப் பதில் இடுப்பைக் கடிக்கும் படகு ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் அதைக் கழற்ற முடியுமா?

அந்தப் படகின் பெயர் "கயாக்".

வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்து, உலகத்திலேயே பெரிய தீவு. அங்கே வசிப்பவர்கள் இன்யூட் மக்கள். முன்பு இவர்களை எஸ்கிமோக்கள் என்று சொல்வார்கள். அங்கே படகு செய்ய மரம் வளராது. கடல் அடித்துக்கொண்டு வரும் கட்டைகளைப் பொறுக்கினார்கள். அவற்றைச் சீவிச் சட்டம் கட்டினார்கள். சட்டத்தின் மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்தினார்கள். தோலைத் தைத்தவர்கள் பெண்கள். தையலில் ஓர் ஓட்டை விட்டாலும் புருஷன் திரும்பி வரமாட்டான். அவ்வளவு பொறுப்பான வேலை!

படகின் மேற்புறமும் தோலால் மூடப்பட்டிருக்கும். நடுவில் மட்டும் ஒரு துவாரம். அதற்குள் காலை நீட்டி ஓர் ஆள் உட்காருவார். சட்டையின் கீழ் ஓரத்தைத் துவாரத்தின் விளிம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வார். இனி அலை தலைக்கு மேல் போனாலும் உள்ளே தண்ணீர் புகாது. ஆளும் படகும் ஒரே உடம்பு.

அளவுகோல் எது தெரியுமா? படகில் ஏறப்போகிறவரின் உடம்புதான். நம் ஊரில் முழம், சாண் போடுவது போல, கையை விரித்து நீளம் பார்த்தார்கள். இடுப்போடு முஷ்டியைச் சேர்த்து வைத்து அகலம் பார்த்தார்கள். அண்ணனுக்குச் செய்த படகு தம்பிக்குச் சரிப்படும் என்று சொல்ல முடியாது.

கடல் கடந்த கயாக்

1959-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு இளைஞர் கென் டெய்லர் கிரீன்லாந்துக்குப் போனார். அங்கே ஒரு வேட்டைக்காரர் அவருடைய உடம்பை அளந்து ஒரு கயாக் செய்து கொடுத்தார். டெய்லர் அதை ஊருக்குக் கொண்டுவந்தார். பிறகு அதை அளந்து படம் வரைந்தார்கள். அந்தப் படத்தை வைத்து, சற்று நீட்டி, மரப்பலகையிலும் பைபர் கிளாசிலும் படகுகள் செய்தார்கள். ஒரே ஒரு மனிதருக்காகச் செய்த படகு, முகம் தெரியாத எத்தனையோ பேருக்குப் படகு ஆகிவிட்டது!

1975-ல் நார்வே நாட்டுக் கடல் பயணத்துக்காக "நார்ட்கேப்" என்ற கயாக் செய்யப்பட்டது. நீளம் சுமார் 18 அடி. அகலம் 21 அங்குலம்தான். மூங்கில் ஏணியின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1977-ல் தென் அமெரிக்காவின் முனையான கேப் ஹார்னைச் சுற்றி வந்தவர்கள் இந்த மாதிரிப் படகில்தான் போனார்கள்.

பைபர் கிளாஸ் மக்கிப் போவதில்லை. ஒழுங்காக வைத்திருந்தால் 30, 40 ஆண்டுகள் உழைக்கும். புதுப் படகின் விலையோ கையைச் சுடும். ஆகவே, பிரிட்டன் போன்ற நாடுகளில் பழைய கயாக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. கைமாறும்போதுதான் பழைய வம்பு திரும்பி வருகிறது. படகு ஒருவருடைய இடுப்புக்குப் பழகியது. ஏறுகிறவர் வேறு ஒருவர்.

பழையதை வாங்குபவர் வர்ணத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெயிலில் வெளுத்த நிறம் ஒன்றும் செய்யாது. மேற்பூச்சில் நூல் போன்ற கீறல் இருந்தால், கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் போல் நின்றால் பயம் இல்லை. அமுங்கினால் ஆபத்து. படகின் முன்னும் பின்னும் குறுக்குச் சுவர் வைத்து அறை ஆக்கியிருப்பார்கள். கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைப்பது அந்த அறைகளில் உள்ள காற்றுதான். ஓர் அறையில் தண்ணீர் ஊற்றினால், அடுத்த பக்கம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிதாகப் போட வேண்டும்.

முதல் நாள் நடுக்கம்

கரையில் எல்லாம் சரி. தண்ணீரில் இறக்கி உட்கார்ந்ததும் படகு "கிடுகிடு" என்று ஆடும். ஆடுவது படகு அல்ல, உட்கார்ந்திருப்பவர்தான்! பயத்தில் தோள் விறைக்கிறது. தோள் விறைத்தால் இடுப்பு விறைக்கும். இடுப்பு விறைத்தால் ஒவ்வொரு சிற்றலையும் உடம்பைச் சாய்க்கும். இடுப்பைத் தளர விட்டு, கண்ணைப் படகின் மூக்கில் வைக்காமல் தூரத்தில் வைத்தால், ஆட்டம் பாதியாகக் குறையும். சைக்கிள் பழகியவர்களுக்கு இது விளங்கும்.

இந்தப் பயம் புதியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கிரீன்லாந்து வேட்டைக்காரர்களுக்கே ஒரு விசித்திர வியாதி வந்தது. காற்று இல்லை, அலை இல்லை. கடல் கண்ணாடி போல் இருக்கும். வெயில் கண்ணைக் கூசும். தனியாக அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று படகு சாய்வது போலத் தோன்றும். கை கால் ஓடாது. இன்னொருவர் வந்து படகைத் தொட்டால் தெளிந்துவிடும். இந்த வியாதி வந்த பல பேர் வேட்டையையே விட்டுவிட்டார்கள் என்றால், அதன் கொடுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தைய சொந்தக்காரர் குண்டு, வாங்கியவர் ஒல்லி என்றால் இடுப்பின் இரு பக்கமும் இடம் காலியாக இருக்கும். அங்கே நுரை ரப்பர்த் துண்டுகளை ஒட்டுகிறார்கள். கால் மிதியை முன்னும் பின்னும் நகர்த்தி, முழங்கால் மேல் தட்டில் லேசாகத் தொடும்படி வைக்கிறார்கள். இறுக்கினால்தான் படகு சொன்ன பேச்சைக் கேட்கும். ரொம்ப இறுக்கினால் வெளியே வர முடியாது. இந்த அளவு ஒரே நாளில் பிடிபடாது.

வேண்டுமென்றே கவிழ்!

ஆகவே, புதிதாக வந்த படகை முதலில் கரை ஓரத்தில், மார்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழ்க்கிறார்கள்! தலை கீழே, கால் மேலே. இடுப்பைச் சுற்றிய மூடுதுணியில் முன்பக்கம் ஒரு வார் தொங்கும். உடம்பை முன்னே குனிந்து, வாரை இழுத்து, இரு கையால் படகைத் தள்ளினால், கால் உருவிக்கொண்டு வரும். சில விநாடி வேலை. ஆனால், வார் உள்ளே மாட்டிக்கொண்டால்? மூடுதுணியை மாட்டும்போது வார் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்ப்பது அதனால்தான்.

கைதேர்ந்தவர்கள் வெளியே வருவதே இல்லை. துடுப்பைத் தண்ணீரில் வீசி, இடுப்பைச் சுண்டி, ஒரு குட்டிக்கரணம் போட்டு நிமிர்ந்துவிடுகிறார்கள். கிரீன்லாந்தில் இதற்குப் போட்டியே நடக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட வகைக் கரணங்கள் உண்டு. துடுப்பு இல்லாமல், வெறும் கையால் நிமிர்வதும் அதில் ஒன்று. 1927-ல் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த பவ்லாட்டா என்பவர், பயணிகள் எழுதியதைப் படித்தே இதைக் கற்றுக்கொண்டார்.

25 வயதில்...

இங்கிலாந்து வாலிபர் ஜினோ வாட்கின்ஸ் புத்தகத்தில் படிக்கவில்லை. 1930-ல் கிரீன்லாந்துக்கே போய், அந்த மக்களிடமே கயாக் ஓட்டப் பழகினார். கரணம் போடவும் கற்றார். சீல் வேட்டையில் தேர்ந்துவிட்டார்.

1932-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, தன்னந்தனியாகக் கயாக்கில் வேட்டைக்குப் போனார். வரவில்லை. தோழர்கள் தேடிப் போனார்கள். ஆள் இல்லாமல் கயாக் மிதந்தது. அவருடைய காற்சட்டையும் இடுப்புப் பட்டையும் ஒரு பனிக்கட்டித் திட்டின் மேல் கிடந்தன. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25.

பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். சுமார் 10 நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தும் பயன் இல்லை. பழகின கையும் வாரைப் பிடிக்காது. இன்று குளிர்க் கடலில் போகிறவர்கள் ரப்பர் உடை, உயிர் காக்கும் மிதவைச் சட்டை அணிந்து, கூட்டமாகப் போகிறார்கள். ஒருவர் கவிழ்ந்தால், மற்றவர் அந்தப் படகைத் தன் படகின் குறுக்கே இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஏற்றிவிடுகிறார்.

பயம் தெளிந்த பிறகும் படகின் குணம் பிடிபட நாள் ஆகும். பக்கக் காற்று அடித்தால், பல கயாக் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். அதைத் தடுக்க வால் பக்கத்தில், அடியில் ஒரு தகடு இருக்கிறது. கயிற்றை இழுத்து இறக்கலாம், ஏற்றலாம். பழைய படகுகளில் தகடு இருக்கும் இடுக்கில் கூழாங்கல் சிக்கி, தகடு இறங்காமல் நின்றுவிடும். முந்தையவர் அதற்கென்று தகட்டில் ஒரு துளை போட்டு, சின்னக் கயிறு கட்டி வைத்திருப்பது உண்டு. வாங்கியவர், "இது என்ன அசிங்கம்?" என்று அதை அறுத்து எறிவார். காற்று அடிக்கும் நாள் ஒன்றில் மறுபடியும் கட்டுவார்.