கொழுந்தின் வேகத்தைத் தணிக்கும் மருந்து

வெம்பக்கோட்டைப் பக்கம் சாலையோர வேம்புகளைக் கவனித்தால் பலவற்றுக்கு உச்சி இருக்காது. மின்கம்பியில் உரசுகிறது என்று, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் கொம்புகளை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பி மறுபடி கம்பியைத் தொடும். மறுபடி அரிவாள். இளமரம் இதைத் தாங்கும். முற்றிய மரம் சேமித்த மாவுச்சத்தைத் துளிர்ப்பதிலேயே செலவழித்துவிடும். பெரிய காயம் மூடுவதற்குள் பூஞ்சை நுழைந்து நடுக்கட்டை உளுத்துப்போகும்.

அமெரிக்க நகரங்களில் இதற்கு ஒரு மாற்று வழக்கத்தில் இருக்கிறது. அளவாகக் கவாத்து செய்துவிட்டு, வளர்ச்சியைத் தணிக்கும் மருந்தை வேருக்குக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயர் பேக்லோபியூட்ரசால். நம் மா விவசாயிகளுக்கு அது பழகிய சரக்குதான். 'கல்டார்' என்றால் தெரியும். ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்ந்துவிடும் மாமரத்துக்கு, செப்டம்பர் முதல் பாதியில் மருந்துச் சத்துக் கணக்கில் 10 கிராம் கொடுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கொழுந்து ஓட்டம் அடங்கினால் மா பூவெடுக்கும்.

தண்டை நீட்டுவது ஜிப்ரலின் என்ற ஹார்மோன். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு நெல் நோய். அந்த நோய் வந்த நாற்று வெளிறி, மெலிந்து, அளவுமீறி உயர்ந்து சாயும். பூஞ்சை சுரக்கும் பொருளே பயிரை இப்படி நீளவைக்கிறது என்று 1926இல், தைவானில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் குரோசாவா காட்டினார். செடிகள் தாமாகவும் அதைச் சுரக்கின்றன என்பது பிறகு தெரிந்தது.

பேக்லோபியூட்ரசால் அந்தச் சுரப்புக்கு வேண்டிய ஒரு நொதியை மறிக்கிறது. செல்கள் பிரிவது நிற்பதில்லை. பிரிந்த செல் நீள்வதுதான் குறைகிறது. அதனால் கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கி, இலை சிறுத்துத் தடித்துக் கரும்பச்சையாகிறது. பல மரங்களில் நுண்வேர்கள் பெருகுகின்றன; இலை வழியே நீர் போவதும் குறைகிறது. மழையை நம்பி நிற்கும் கரிசல் பூமி மரத்துக்குக் கம்பிப் பிரச்சினையைவிட இந்தப் பலனே பெரிது என்பேன்.

மருந்து மரத்துக்குள் நீரோடு மேல்நோக்கித்தான் போகும். ஆகவே இலையில் தெளிக்காமல், தூரைச் சுற்றி ஈர மண்ணில் ஊற்றுகிறார்கள். பலன் உடனே தெரியாது. தெரிந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும்.

அளவுதான் இதில் உயிர்நாடி. மரத்தின் இனத்தையும் அடிமரத்தின் பருமனையும் பார்த்தே அதைக் கணக்கிட வேண்டும். மாவுக்குச் சொன்னதை வேம்புக்கு அப்படியே ஊற்றக் கூடாது. மிஞ்சினால் கொழுந்தே குறுகிச் சுருண்டுவிடும். மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் மருந்து என்பதால், அடியில் காய்கறி போட்டிருந்தால் அதுவும் குட்டையாகும். பட்டுப்போகத் தொடங்கிய மரத்தை இது மீட்காது. அதற்கு முதலில் இறுகிய மண்ணைத் தளர்த்தி, மூடாக்குப் போட்டு, தண்ணீர் காட்ட வேண்டும்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது. பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நிழல் மரங்களில் சிலவற்றையாவது தேர்ந்து, சரியான அளவை அந்த நிலையத்தார் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.