கூடைப்பந்தில் ‘கார்டு’ என்னும் இடம்



கூடைப்பந்தில் ஐவர் ஓர் அணியாக நின்று ஆடுவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வைவருள் வளையத்தின் அடியில் நிற்கும் நெட்டையான ஆட்டக்காரரையே பார்ப்போர் முதலில் கவனிப்பர். பின்னாலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவருக்குக் ‘கார்டு’ என்று பெயர். காவல் புரிபவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் இன்று அவர் செய்யும் வேலை காவல் மட்டுமன்று. ஆட்டத்தை நடத்துபவரே அவர்தாம். பெயர் ஒன்றாகவும் வேலை வேறாகவும் ஆனது எவ்வாறு?

1891-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இவ்விளையாட்டைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் களம் முழுவதும் ஓடினால் உடல் நலிந்துவிடும் என்பது அக்காலத்தார் எண்ணம். ஆகவே அவர் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் அடி வைக்கலாகாது என்று விதித்தார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறிப்பதும் கூடாது. 1896-இல் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழக மாணவியர் ஆடிய போட்டியில் ஸ்டான்ஃபோர்டு 2-1 என்ற கணக்கில் வென்றது. அதனைக் காண ஆடவருக்கு அனுமதி இல்லை! நம் பள்ளிச் சிறுமியர் ஐந்து நிமிடங்களில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுவர்.

இக்கட்டுப்பாடு எளிதில் ஒழிந்ததா எனில், இல்லை. அயோவா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் அணிக்கு அறுவராக ஆடும் முறை 1993 வரை நீடித்தது. மூவர் பந்தெறிவர், மூவர் காவல் காப்பர். காவல் காக்கும் பெண் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பள்ளி வாழ்க்கை முழுவதும் ஆடியும், போட்டியில் ஒருமுறைகூட வளையத்தை நோக்கிப் பந்தெறியாத பெண்கள் அங்கே எத்தனையோ பேர். அதே அயோவாவில் 2002-இல் பிறந்த கெய்ட்லின் கிளார்க், அயோவா பல்கலைக்கழக அணியில் கார்டாக ஆடி, நான்கு ஆண்டுகளில் 3,951 புள்ளிகள் குவித்தார். 2024 மார்ச்சில், பீட் மாராவிச் என்னும் ஆடவரின் 3,667 புள்ளிச் சாதனையையும் கடந்தார். காவற்காரி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

இனிக் கார்டின் வேலையைச் சொல்கிறேன். தம் அணிக்குப் பந்து கிடைத்ததும் 8 விநாடிக்குள் அதனை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்ல வேண்டும். 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இக்கணக்கெல்லாம் கார்டின் தலையிலேதான் விழும். தட்டுவதை ஒருமுறை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிட்டால், மீண்டும் தட்டுதல் குற்றம். ஆதலால் எப்போது நிறுத்துவது என்பதே அவர் அறிய வேண்டிய முதல் பாடம். இரண்டாவது பாடம், பந்தைப் பாராமல் தட்டுவது. கண் பந்தின்மேல் இருந்தால், எந்தத் தோழி இடம் காலியாகக் கிடைத்து நிற்கிறாள் என்பது தெரியாமற்போகும். பயிற்சியின்போது நான் மாணவியரை எதிரில் நிறுத்தி, விரல்களை உயர்த்திக் காட்டி, ‘எத்தனை?’ என்று கேட்பதுண்டு. பந்தைத் தட்டிக்கொண்டே விடை சொல்ல வேண்டும். கணக்கு வகுப்பில் வாய் திறவாத பெண்கள் அங்கே நன்றாகவே விடை சொன்னார்கள்!

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் குறைந்த பெண்ணுக்கு இவ்விளையாட்டு ஏற்றதன்று என்று பெற்றோர் கூறுவர். எல்லா இடங்களிலும் உயரம் பெரும் துணை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், தாழத் தட்டப்படும் பந்தைப் பறிப்பது நெட்டையர்க்குக் கடினம். களத்தைப் படித்தறியும் மனத்துக்கோ உயரக் கணக்கே இல்லை. குட்டையானவள் என்று ஒதுக்கப்பட்ட பெண் கார்டாகி, தன்னைவிட ஒரு சாண் உயர்ந்தவர்களை ‘அங்கே போ, இங்கே நில்’ என்று ஏவியதை நான் கண்டிருக்கிறேன்.

இத்தகைய ஆட்டம் வாழ்வுக்கு உதவுமா என்பதே அடுத்த கேள்வி. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இக்கேள்வி கூர்மையாகவே எழுகிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குச் சில திங்களில் சம்பளம் கிடைக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. குடும்பத்தைத் தாங்கும் அவ்வூதியத்தை நான் குறைத்துப் பேசேன். எனினும், நல்ல ஆட்டக்காரி ஒருத்தி, வேறு வழி உண்டு என்பதை அறியாமலேயே முறைப்பணிக்குப் போய்விடுகிறாள் என்றால், அதற்கு ஆசிரியராகிய நாங்களும் பொறுப்பாளிகளே.

வேறு வழிக்குச் சான்று அனிதா பால்துரை. சென்னையைச் சேர்ந்த இவர் பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகள் ஒன்பதில் தொடர்ந்து ஆடினார். தென்னக ரயில்வேயில் வேலை பெற்றார். ரயில்வே போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரருக்குச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் அளித்திராவிடில், நம் நாட்டில் இத்தனை ஆண்டு ஆடுதல் அரிது. திருமணமானால் ஆட்டம் முடிந்தது என்பார்க்கு ஒரு செய்தி: தாயான பின்னரும் இவர் களத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவில் இந்தியா முதலிடம் பெற்றபோது அணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காசியைச் சேர்ந்த பிரசாந்தி சிங், கார்டாகவே ஆடி 2017-இல் அர்ஜுனா விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றவர்.

எல்லோரும் இவ்வுயரத்தை எட்டுவதில்லை, எட்டவும் வேண்டியதில்லை. விளையாட்டுப் பிரிவில் கல்லூரி இடம் கிடைத்தாலே நம் ஊர்ப் பெண்ணின் வாழ்வு திசைமாறிவிடும். ஒரகடத்துக்கு அருகிலுள்ள காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் விளையாட்டு வீரர்க்கு உதவித்தொகை அளிக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்கு இடங்கள் உண்டு. அங்கே கேட்கப்படுவது சான்றிதழ். ஆகவே, மாவட்டப் போட்டியில் ஆடிய அன்றே அதனைக் கேட்டுப் பெறுங்கள். பெயர் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதப்பட்டுள்ளதா, நாளும் முத்திரையும் உள்ளனவா என்று பாருங்கள். படி எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றை உடற்கல்வி ஆசிரியரிடமும் வையுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீடாயின், தகரப் பெட்டிக்குள் வைப்பது நன்று.