புகையில் போகும் பாதி விறகு

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் சாலையோரத்திலேயே கரிமூட்டம் கண்ணில் படும். சீமைக் கருவேல விறகையும் தூரையும் நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலோ இலைதழையோ பரப்பி, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். காற்றுக்குச் சில துளைகள் மட்டுமே. பல நாள் புகைந்த பிறகு கரி கிடைக்கும்.

மூட்டத்துக்குள் ஒரு பங்கு விறகு எரிந்து சூடு கொடுக்கிறது. மற்றது, காற்று போதாததால், எரியாமல் சிதைகிறது. முதலில் ஈரம் கிளம்பும். திரண்டு எழும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவிதான். 200 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் மரத்தின் நார்ப்பொருள்கள் உடையத் தொடங்கும். 280 டிகிரி வாக்கில் அந்தச் சிதைவே வெப்பத்தை வெளியிட்டுத் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும். புகை மெலிந்து நீலம் காட்டும்போது மூட்டக்காரர் துளைகளை அடைக்கிறார். நிறத்தை வைத்தே பக்குவம் சொல்லும் அவரது அறிவு சாதாரணமானதல்ல.

ஆனால் கணக்கு வருத்தம் தருகிறது. 100 கிலோ காய்ந்த விறகுக்கு மண் மூட்டத்தில் சுமார் 20 கிலோ கரி தேறும். கிலோவுக்குக் கிலோ விறகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம் கரியில் உண்டு. அப்படிப் பார்த்தாலும் விறகிலிருந்த ஆற்றலில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போகிறது. அதில் பெரும்பகுதி புகையில் இருக்கிறது: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், மெத்தனால், அசிட்டிக் அமிலம், தார். எரிபொருளாகக்கூடிய அதே வாயுக்கள்தான் மூட்டத்தருகே நிற்பவரின் நுரையீரலுக்கும் போகின்றன.

இந்தப் புகையைப் பிடிக்க முடியும் என்பது புதிய செய்தியல்ல. 1923இல் உற்பத்தி தொடங்கிய பத்ராவதி மைசூர் இரும்பாலை, உலைக்குத் தேவையான மரக்கரியோடு மரத்தை வாலை வடித்து மெத்தனாலும் தாரும் எடுத்தது. சிறிய அளவில் செய்ய வேண்டுமானால், மூடிய இரும்புக் கலனில் விறகை வைத்து, வெளிவரும் வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்கே திருப்பி எரிக்கலாம். புகை வெகுவாகக் குறையும். 100 கிலோவுக்கு 30 கிலோ வரை கரி கிடைக்கும்.

உமி, தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. முழுதாக எரியத் தேவைப்படும் காற்றில் கால் பங்கு மட்டும் கொடுத்தால் அவை எரிவாயுவாக மாறும். அதைக் கொண்டு எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம். வாயுவில் தார் தங்கினால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும்; பல கிராமத் திட்டங்களுக்குப் பெரிய தலைவலி அதுதான்.

கரித் தொழிலுக்கு இரும்புக் கலன் வராததற்குக் காரணம் அறியாமை என்று சொல்வது அநியாயம். மண் மூட்டத்துக்கு முதல் வேண்டாம், உழைப்பு போதும். மரம் வெட்டும் இடத்திலேயே போட்டுக்கொள்ளலாம். வண்டியில் ஏற்றி இடம் மாற்றக்கூடிய கலனைக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கி வாடகைக்கு விட்டால்தான் ஏழைத் தொழிலாளிக்கு அது எட்டும்.