பிரபலங்களுக்குப் பரிமாறியவர்கள்: இரண்டு பஸ்பாய்கள்

நியூயார்க் போன்ற ஊர்களில் பெரிய ரெஸ்டாரண்ட்களின் முன்பதிவு மென்பொருளைத் திறந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்புக் கட்டம் இருக்கும். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாமல் எழுதி வைத்திருப்பார்கள். 'பி.எக்ஸ்.' என்று இருந்தால் ஆள் முக்கியப் புள்ளி. பிரெஞ்சில் 'பெர்சோன் எக்ஸ்ட்ராஆர்டினேர்' என்பதன் சுருக்கம் அது. அதுக்கும் ஒரு படி மேலே 'பி.பி.எக்ஸ்.'. 'எச்.டபிள்யூ.சி.' என்றால் 'ஹேண்டில் வித் கேர்', அதாவது சிடுமூஞ்சி, பார்த்து நடந்துக்கோ. விலை உயர்ந்த ஒயினாக வாங்கித் தள்ளுகிறவர் 'ஒயின் வேல்', ஒயின் திமிங்கலம்.

வேலையில் தினமும் டேட்டாபேஸோடு மாரடிக்கிறவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இந்தக் கட்டத்தில் இருக்கும் இரண்டு எழுத்து சாப்பாட்டை எவ்வளவு மாற்றும்? இதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். 1993-ல் ரூத் ரைக்கல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் உணவு விமர்சகராகச் சேர்ந்தார். அவர் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வருவதற்கு முன்பே அவருடைய புகைப்படம் நியூயார்க் சமையலறைச் சுவர்களில் ஏறிவிட்டது. அவரை முதலில் அடையாளம் கண்டு சொல்லும் ஊழியருக்குப் பரிசு உண்டு என்றுகூட ஒரு இடத்தில் அறிவித்திருந்தார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண் அப்படியொரு ரெஸ்டாரண்டில் வேலை செய்பவர். அவர் சொல்லித்தான் ரைக்கலுக்கே விஷயம் தெரிந்தது.

அதனால் ரைக்கல் விக் வைத்து, மேக்கப் போட்டு, வேறு பெயரில் சாப்பிடப் போக ஆரம்பித்தார். 'ல சிர்க்' என்ற புகழ்பெற்ற ரெஸ்டாரண்டுக்கு மாறுவேடத்திலும் போனார், ரைக்கலாகவும் போனார். சுத்தமான ஏ/பி டெஸ்ட். சாப்பிடுகிற ஆள் ஒன்றுதான், சமையலறையும் ஒன்றுதான், மாறியது பெயர் மட்டும். மாறுவேடத்தில் போனபோது காக்க வைத்தார்கள், புகைபிடிப்பவர்கள் பகுதியில் இடம் கொடுத்தார்கள், கையிலிருந்த ஒயின் பட்டியலை இன்னொருவருக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ரைக்கலாகப் போனபோது, ஸ்பெயின் மன்னரே பாரில் காத்திருக்கிறார், ஆனாலும் உங்கள் மேசை தயார் என்று உரிமையாளர் வரவேற்றார். இனிப்பின் மேல் வைத்த ராஸ்பெர்ரி பழங்கள்கூட மூன்று மடங்கு பெரிசாக இருந்தனவாம். இரண்டு அனுபவங்களையும் சேர்த்து எழுதி, நான்கு நட்சத்திர ரெஸ்டாரண்டை மூன்றுக்கு இறக்கினார்.

இது சாப்பிட்டவர் பக்கத்துக் கதை. தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் பக்கத்துக் கதை வேறு.

முதலில் அங்கே உள்ள படிநிலையைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் ஹோட்டலில் சப்ளையர் வேறு, மேசை துடைத்து எச்சில் தட்டு எடுப்பவர் வேறு இல்லையா? அமெரிக்காவில் இந்த இரண்டாவது ஆளுக்குப் பெயர் பஸ்பாய். பேருந்துக்கு வேராக இருக்கும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்தான் இதற்கும் வேர். 'எல்லாருக்கும்' என்று பொருள். எல்லாருக்கும் எடுபிடி என்று வைத்துக்கொள்ளலாம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-க்குப் பிறகு இது ஏறவே இல்லை (பல மாநிலங்களில் இதைவிட அதிகம்). மீதியை வாடிக்கையாளரின் மனசு பார்த்துக்கொள்ளும். பஸ்பாய்க்கு அதுவும் நேரடியாக வராது. சர்வர் தன் டிப்ஸிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான்.

ஆகவே பி.எக்ஸ். மேசை யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை, அன்றைய வருமானப் பிரச்சினையும்கூட. அதோடு எழுதாத விதிகளும் வரும். ஆட்டோகிராஃப் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர் பேசினால் ஒழியப் பேசக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், நீ அங்கே இருக்கணும், ஆனா இருக்கக் கூடாது.

இந்த விதியை மீறிய ஒரு பஸ்பாய் லாங்ஸ்டன் ஹ்யூஸ். 1925-ன் கடைசியில் வாஷிங்டனின் வார்ட்மன் பார்க் ஹோட்டலில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் கறுப்பின வரலாற்றாய்வாளர் கார்ட்டர் உட்சனிடம் உதவியாளர் வேலை. கௌரவமான வேலைதான், ஆனால் கண்ணைக் கெடுக்கிறது என்று விட்டுவிட்டு இங்கே வந்தார். அந்த ஹோட்டலுக்கு வேச்சல் லிண்ட்சே வந்து தங்கினார். அன்றைக்கு அமெரிக்காவில் கூட்டம் கூட்டிக் கவிதை வாசிக்கும் பெரிய நட்சத்திரம் அவர். அன்று இரவு ஹோட்டல் அரங்கிலேயே நிகழ்ச்சி. கறுப்பர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. தட்டு எடுக்க உள்ளே வரலாம், கவிதை கேட்க வர முடியாது.

ஹ்யூஸ் தன் கவிதைகளில் மூன்றை எழுதி வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். லிண்ட்சே மனைவியோடு சாப்பிட வந்தபோது, அவர் தட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்து, உங்கள் கவிதைகள் எனக்குப் பிடிக்கும், இவை என்னுடையவை என்று முணுமுணுத்துவிட்டு நழுவிவிட்டார். எச்சில் தட்டுகளைச் சுமந்துகொண்டு தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், லிண்ட்சே படித்துக்கொண்டிருக்கிறார். அன்று இரவு மேடையில் அந்தக் கவிதைகளையும் லிண்ட்சே வாசித்தார். மறுநாள் காலை பேப்பரில் 'பஸ்பாய் கவிஞர்' செய்தி, ஹோட்டலில் நிருபர்கள். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே எச்சில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். லிண்ட்சே தம்பதி ஊரை விட்டுப் போகும்போது, ஏமி லோவெல் எழுதிய கீட்ஸ் வாழ்க்கை வரலாற்றை அவருக்காக விட்டுப் போனார்கள். அதன் வெற்றுப் பக்கங்களில் லிண்ட்சே கைப்பட எழுதிய நீளமான கடிதம் இருந்தது.

இணையத்தில் இந்தக் கதை 'பிரபலம் கண்டெடுத்த ஏழைக் கவிஞன்' என்றே சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹ்யூஸின் 'த வியரி ப்ளூஸ்' அதே 1925-ல் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழின் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டது. அதே பெயரில் அவருடைய தொகுப்பை வெளியிட க்னாஃப் பதிப்பகமும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தது. 1926-ல் புத்தகம் வந்தது. ஆக, கவிஞர் ஏற்கெனவே கவிஞர்தான். லிண்ட்சே செய்தது, ஏற்கெனவே இருந்த ஒருவரைக் கூடத்தில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிய வைத்ததுதான். அது சின்ன விஷயமில்லை என்பதும் உண்மை.

தெரிய வைத்த பிறகு என்ன ஆனது என்பதைத்தான் பலரும் எழுதுவதில்லை. சாப்பிட வந்தவர்கள் அந்தக் கவிஞர் பையனைப் பார்க்கணும் என்று கேட்க, தலைமை வெயிட்டர் ஒவ்வொரு மேசைக்கும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார். கூச்சம் தாங்க முடியாமல், சம்பள நாள் வந்ததும் ஹ்யூஸ் வேலையை விட்டுவிட்டார்.

இரண்டாவது ஆள் ஹுவான் ரொமேரோ. 1968-ல் லாஸ் ஏஞ்சலிஸின் அம்பாசடர் ஹோட்டலில் பஸ்பாய், வயது 17, மெக்சிகோவிலிருந்து சிறுவனாக வந்தவர். ஜனாதிபதி வேட்பாளராக நின்ற ராபர்ட் கென்னடி அங்கே தங்கியிருந்தார். அவர் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வாய்ப்பை சக ஊழியரிடம் பேசிச் சரிக்கட்டி வாங்கினார் ரொமேரோ. கென்னடி கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாராம். தன்னை ஒரு அமெரிக்கனாக, ஒரு மனிதனாகப் பார்த்தார் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 5, நள்ளிரவு தாண்டிய நேரம். கலிஃபோர்னியா முதல்நிலைத் தேர்தலில் ஜெயித்துப் பேசிவிட்டு, சமையலறைப் பக்கமாகக் கென்னடி வந்தார். ரொமேரோ மறுபடி கை கொடுத்தார். அப்போதுதான் சிர்ஹான் சிர்ஹான் சுட்டான். தரையில் கிடந்த கென்னடியின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் மண்டியிட்டிருக்கும் பையன் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் ரொமேரோ. தன் பையில் இருந்த ஜெபமாலையைக் கென்னடியின் கையில் வைத்துச் சுற்றினார். மறுநாள் கென்னடி இறந்தார்.

அதன் பிறகு ஹோட்டலுக்கு 'பஸ்பாய்' என்று முகவரி போட்டுக் கடிதங்கள் வந்தன. விருந்தினர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். தாங்கவில்லை, ஊரையே விட்டுப் போனார். பிறகு சான் ஹோசேயில் கான்கிரீட், சாலை வேலை. கை கொடுக்க நான் நிறுத்தியிருக்காவிட்டால் அவர் பிழைத்திருப்பாரோ என்ற கேள்வி மட்டும் பல பத்தாண்டுகள் கூடவே வந்தது.

இரண்டு பேர் கதையிலும் வருகிற அந்த ஒரே திருப்பம்தான் என்னை இதை எழுத வைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் நிபந்தனை. ஒரு பிரபலம் அதை ஒரு நிமிடம் உடைக்கிறார். அதற்கப்புறம் கூடம் முழுக்க அந்தப் பையனையே பார்க்கிறது. ஆனால் பார்ப்பவர்கள் இன்னும் வாடிக்கையாளர்கள், அவன் இன்னும் தட்டு எடுப்பவன். கூப்பிட்டால் வந்து நிற்கத்தான் வேண்டும், முடியாது என்று சொல்ல வழியில்லை. வேலையை விடுவது ஒன்றுதான் வழி. இரண்டு பேரும் அதைத்தான் செய்தார்கள். நம்ம 'சர்வர் சுந்தரம்' படத்தில் சர்வர் நட்சத்திரமாவது மாதிரி, மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரும் வாய்ப்பு ஹ்யூஸுக்கு இருந்தது, ரொமேரோவுக்கு இல்லை.

2010-ல் ரொமேரோ ஆர்லிங்டனில் இருக்கும் கென்னடியின் கல்லறைக்குப் போனார். அதற்காகவே ஒரு சூட் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். 2018-ல், 68 வயதில் இறந்தார். அம்பாசடர் ஹோட்டலை அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது கென்னடி பெயரில் பள்ளிகள் நடக்கின்றன. வாஷிங்டனில் ஹ்யூஸ் நினைவாக 'பஸ்பாய்ஸ் அண்ட் பொயட்ஸ்' என்ற ரெஸ்டாரண்ட் 2005-ல் தொடங்கி, இன்று பல கிளைகளோடு இருக்கிறது. அங்கே கவிதை வாசிப்புக் கூட்டங்களும் நடக்கின்றன.